பொதோலியா மெட்டு

அன்று, யூதர்களின் ஓய்வுநாளான சபாத்துக்கு விளக்கேற்ற வேண்டிய நேரம் மாலை ஐந்து முப்பத்திரண்டு.

ஜூன் மாதத்துக் கடைசி வெள்ளி. புவெனோஸ் ஐரெஸ் குளிரில் சூரியன் சீக்கிரம் கடையைக் கட்டிவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்கே நொயெமி மீனை அரைத்து முடித்திருந்தாள். முட்டையும் வெங்காயமும் சேர்த்து உருட்டி, தக்காளிச் சாற்றில் ஒவ்வொன்றாக இறக்கினாள்.

கை வேலை செய்தது. மனம் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது.

செவ்வாயன்று சுவரின் ஈரத்தைப் பார்க்க ஆள் வந்தான். அப்பாவின் அலமாரியை நகர்த்தினான். அதன் முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில், செய்தித்தாளில் சுற்றிய ஓர் இசைத்தட்டு இருந்தது. லேபிளில் மை மங்கிய எழுத்து: 'கறுப்புச் சேவல் பாலிஷ். இசை: எஸ். லுசேரோ. ஆகஸ்ட் 1949.'

லுசேரோ யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா சிமோன் ஸ்லுட்ஸ்கி பட்டன் கடை வைப்பதற்கு முன் இரண்டு வருடம் வானொலியில் அக்கார்டியன் வாசித்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர் அது. ஸ்லுட்ஸ்கி என்று சொன்னால் அறிவிப்பாளருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டதாம்.

புதனன்று பூங்காவில் பழைய இசைத்தட்டு விற்பவனிடம் அதைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். முப்பது விநாடி ஷூ பாலிஷ் விளம்பரம்தான். அக்கார்டியன், அதன்மேல் ஒரு பெண்ணின் குரல். "கறுப்புச் சேவல் கூவிருச்சு, ஷூவில வானம் தெரியுது." விற்பவன் சிரித்துவிட்டான். அவன் அம்மா அவன் பள்ளிக்கூட ஷூவைத் துடைக்கும்போதெல்லாம் இதைப் பாடுவாளாம். அவனும் கூடவே பாடினான்.

நொயெமி சிரிக்கவில்லை. அந்த மெட்டு அவளுக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை தோறும், ஜெபக்கூடத்தில், சபாத்தை மணப்பெண்ணைப் போல வரவேற்கும் பாட்டை அவள் குடும்பம் எழுபது வருடத்துக்கும் மேலாக அந்த மெட்டில்தான் பாடுகிறது. முன்பு அப்பா பாடினார். இப்போது தம்பி மவுரிசியோ பாடுகிறான். உக்ரைனின் பொதோலியாவில், தாத்தா ஹெர்ஷலின் கிராமத்தில் பாடிய மெட்டு என்று சொல்லித்தான் பாடுகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் வில்லா கிரெஸ்போ பேட்டையில் அதற்குப் பெயரே பொதோலியா மெட்டு.

மூன்று நாளாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்குத் தமாரா வந்தாள். மவுரிசியோவின் மகள். முப்பது வயது, இசைக் காப்பகத்தில் வேலை. கோட்டைக் கழற்றாமலே பாத்திரத்தைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சர்க்கரை தூக்கல் அத்தை."

"உங்க பாட்டி போலந்துக்காரி. தண்ணியில கூடச் சர்க்கரை போடுவா. பிடிக்கலேன்னா வைடி."

தமாரா இன்னொன்றை எடுத்தாள். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மோன்தெவீதெயோவிலிருந்து காலைப் படகில் லியா கோரின் வந்து இறங்கிவிட்டாள் என்றாள். அழிந்துபோன ஊர்களின் பாட்டுகளைத் தேடித் தேடி ஓர் இசைத்தட்டாகச் சேர்க்கிறவள். பதினாறு பாட்டுகள் சேர்ந்துவிட்டன. கடைசிப் பாட்டு பொதோலியா மெட்டு. மாலை நாலரைக்கு ஜெபக்கூடத்தில் பதிவு. லியா சபாத் அனுசரிப்பவள். ஐந்து முப்பத்திரண்டுக்கு மேல் ஒரு விநாடி கூட இயந்திரத்தைத் தொட மாட்டாள். திங்களன்று எல்லாம் அச்சுக்குப் போகிறது.

"இன்னிக்கு விட்டா அவ்வளவுதான் அத்தை."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மேசையில் மீன் தெறிக்காத இடம் பார்த்து வைத்தாள். இசைத்தட்டோடு வரப்போகும் புத்தகத்தின் கடைசிப் பக்கம். மேலே கிராமத்தின் பெயர்: ஸெலெனோவ்கா. அதன் கீழே, 1941இல் அங்கே நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள்.

பாருக் ஸ்லுட்ஸ்கி. ஸ்லாத்தே ஸ்லுட்ஸ்கி. பிரூஹா. மொட்டெ. இத்தே. இத்தேயின் இரண்டு பிள்ளைகள், பெயர் தெரியவில்லை.

ஹெர்ஷலின் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள். 1923இல் தனியாகக் கப்பல் ஏறியதால் ஹெர்ஷல் மட்டும் தப்பினார். இந்தப் பெயர்களை நொயெமி சிறுவயதிலிருந்து அப்பாவின் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். எங்கேயும் எழுத்தில் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கல்லறை இல்லை. ஒரு பலகை கூட இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தாள்.

"அத்தை, ஏதாவது தப்பா இருக்கா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அப்பாவின் இசைத்தட்டு அடுத்த அறையில், கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"இத்தேயோட பிள்ளைங்க ரெண்டு பேரு."

"ரெண்டுன்னுதான் போட்டிருக்கேன்."

"ஆமா. போட்டிருக்க."

தமாரா அவள் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். நொயெமி அடுப்பை அணைத்தாள். கடைசியில் இறக்கியவை இன்னும் வேகவில்லை. மறுபடி பற்றவைத்தாள்.

*

மவுரிசியோவின் கடையில் நாலாயிரம் வகைப் பட்டன் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிறு பெட்டி, பெட்டியின் முகத்தில் ஒரு பட்டன் தைத்திருக்கும். அப்பா போட்ட வரிசை. அறுபத்து மூன்று வயதில் மவுரிசியோ கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பட்டனை எடுப்பான். வேறு பெருமை எதுவும் அவனுக்கு இல்லை. குரல் கூடச் சுமார்தான். அப்பாவுக்குப் பிறகு அந்த மெட்டைத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் பத்தொன்பது வருடத்துக்கு முன் அவனை முன்னே நிறுத்தினார்கள். மற்ற ஆறு நாளும் பட்டன் விற்பவன், வெள்ளி மாலை அரைமணி நேரம் ஸெலெனோவ்காவின் ஆளாக நின்றான்.

பதினொன்றரைக்கு அக்கா உள்ளே வந்தபோது வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவள் பையிலிருந்து முதலில் மீன் டப்பாவை எடுத்து வைத்தாள். அடுத்து செய்தித்தாள் பொட்டலம்.

அவன் லேபிளைப் படித்தான். சிரித்தான்.

"அப்பாவோடதா? எங்க கெடச்சது?"

அவள் சொன்னாள். பூங்காவுக்குப் போனதையும் சொன்னாள். பிறகு, வேறு வழி தெரியாமல், பட்டன் பெட்டிகளின் நடுவில் நின்று அந்தப் பாலிஷ் பாட்டைத் தணிந்த குரலில் பாடினாள். இரண்டாவது வரியில் மவுரிசியோவின் உதடுகள் தாமாகவே ஜெபத்தின் சொற்களைச் சொல்லத் தொடங்கின. இரண்டும் ஒன்றாகவே போயின. ஒரே இடத்தில் மூச்சு வாங்கின.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வித்துட்டாரு. அவ்வளவுதான் அக்கா. கையில காசில்லாத காலம். தாத்தாவோட மெட்ட எடுத்துக் கம்பெனிக்காரனுக்குக் குடுத்துட்டாரு."

அவளும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் அப்பா ஜெபக்கூடத்தில் பாடத் தொடங்கியது ஐம்பதாம் வருடம். விளம்பரம் அதற்கு முந்தின வருடம். அதற்கு முன்னால் அந்த மெட்டை யாரும் எங்கும் கேட்டதாக ஒரு பேச்சு கிடையாது.

"தாத்தா வீட்ல பாடியிருப்பாரு."

"தாத்தாவா? அவரு நாற்காலிய இழுத்தாக்கூடச் சத்தம் வராதுன்னு அம்மா சொல்லுவா. பாட்டாம்."

தெருவில் பேருந்து ஒன்று போனது. பெட்டிகள் லேசாக அதிர்ந்தன.

மவுரிசியோ பேச்சை வேறு பக்கம் திருப்பினான். அதனால் என்ன என்று கேட்டான். வீட்டில் அப்பா வைத்திருந்த சபாத் கிண்ணம் என்ன? பில்லியர்ட்ஸ் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசு. எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துத்தான் திராட்சரசம் ஊற்றுகிறார்கள். அந்தக் கிண்ணத்தில் சொன்ன ஆசீர்வாதம் செல்லாமல் போய்விட்டதா?

"உன் மீனையே எடுத்துக்க. மெர்லூசா. கடல் மீனு. பொதோலியாவுல கடல் எங்க இருக்கு? அங்க கெண்டை போட்டிருப்பாங்க. இங்க வந்து கெடச்சதப் போட்டோம். யாராச்சும் இது யூதச் சாப்பாடு இல்லேன்னு எந்திரிச்சுப் போனாங்களா?"

"கிண்ணம் நான் பொதோலியாவுல இருந்து வந்தேன்னு சொல்லல மவுரி. மீனும் சொல்லல."

அவன் செய்தித்தாளை மடிக்க, அவள் தொடர்ந்தாள்.

"அந்த ஊர்ல இருந்து நம்மகிட்ட ஒரு ஸ்பூன் கெடையாது. ஒரு போட்டோ கெடையாது. இந்த மெட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. அது நம்மகிட்ட இருக்குன்னா அவங்க இருந்தாங்கன்னு அர்த்தம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப பாத்தா ஷூ பாலிஷு."

தமாரா கொண்டுவந்த தாளைப் பற்றிச் சொன்னாள். லியா கோரின் அழிந்த ஊர்களிலிருந்து வந்த மெட்டுகளை மட்டுமே சேர்க்கிறாள். இங்கே பிறந்த மெட்டுக்கு அந்தத் தட்டில் இடம் இல்லை. மெட்டு போனால் பக்கமும் போகும். பக்கத்தோடு அந்த ஏழு பேரும் போவார்கள்.

"அப்ப வாய மூடிக்குவோம்," என்றான் மவுரிசியோ.

"பூங்காவுல அந்த ஆளு சிரிச்சான். தட்டு வெளிய வரும். அவன மாதிரி இன்னொருத்தன் கேப்பான். புத்தகத்தத் திறந்து வெச்சுக்கிட்டுச் சிரிப்பான். அந்தப் பேருங்கள வெச்சுக்கிட்டு."

கதவு மணி அடித்தது. ஒரு பெண் உள்ளே வந்து குழந்தைக் கோட்டுக்கு ஆறு நீலப் பட்டன் கேட்டாள். மவுரிசியோ எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தான். பச்சைப் பட்டன் இருந்தது. மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தான். அதுவும் இல்லை.

மதியம் ஒன்றரைக்கு அவன் கடையை மூடினான். ஆப்ராஷாவைப் பார்க்கப் போனான்.

*

ஆப்ராஷாவுக்குத் தொண்ணூற்றொன்று. ஜெபக்கூடத்தின் சாவி அவரிடம் இருக்கிறது. வெள்ளி மதியம் கதவைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். எல்லா வெள்ளியும் இதே வேலை. மவுரிசியோ போனபோது ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ்.

மவுரிசியோ இசைத்தட்டை பெஞ்சில் வைத்தான்.

கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேபிளைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. நீண்ட நாள் வராமலிருந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உங்கப்பன் இத ஒடச்சுட்டேன்னு என்கிட்டச் சொன்னானே."

அதன் பிறகு அவர் சொன்னதை மவுரிசியோ குறுக்கிடாமல் கேட்டான்.

ஐம்பதாம் வருடம், ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளி. வழக்கமாகப் பாடுகிறவருக்குக் காய்ச்சல். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சிமோனைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். வானொலியில் வாசிக்கிறவன்தானே, பாடட்டும் என்றார்கள். ஆப்ராஷாவுக்கு அப்போது பதினேழு. அருகில் நின்று பார்த்தார். சிமோன் எத்தனையோ மெட்டுகள் தெரிந்தவர். வாயைத் திறந்ததும் ஒன்றுகூட வரவில்லை. எட்டு மாதமாகத் தினமும் நாலு தடவை ஒலிபரப்பில் வாசித்து விரலில் ஊறிப்போன ஒரு மெட்டு மட்டும் வந்தது.

"பாதியில நிறுத்த முடியுமா? ஜெபம். ஆரம்பிச்சாச்சு, முடிச்சுத்தான் ஆகணும். பின் வரிசையில கசமுசா. நான் வாயில கைக்குட்டைய அடைச்சுக்கிட்டேன். அன்னிக்கு மத்தியானம்தான் அத்தன பேரும் அந்தப் பாலிஷப் போட்டுட்டு வந்திருந்தோம். கீழ குனிஞ்சா ஷூ மின்னுது, மேல அந்தப் பாட்டு."

சிமோன் வியர்த்து நனைந்துவிட்டாராம். கண்ணைத் திறக்கவே இல்லையாம்.

கடைசிச் சரணம் வந்தது. அந்தச் சரணத்தில், சபாத் உள்ளே வருகிறாள் என்று, எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்புவது வழக்கம். திரும்பினார்கள். கதவருகே கடைசி இருக்கையில் ஹெர்ஷல் நின்றிருந்தார். ஊரில் யாரும் மிஞ்சவில்லை என்று கடிதம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடமும் வெள்ளி தவறாமல் வருவார், நிற்பார், உதடு அசையாது. அன்றைக்கு மொத்தக் கூட்டமும் அவர் முகத்துக்கு எதிரே திரும்பி நின்றது.

"பாடிக்கிட்டிருந்தாரு. சத்தமா. கண்ணுல தண்ணி. முடிஞ்சதும், எங்க ஊர்ல இப்படித்தான் பாடுவாங்கன்னாரு. சிரிச்ச பயலுக எல்லாம் வாய மூடிக்கிட்டோம்."

அடுத்த வாரம் சிமோன் வேறு மெட்டை எடுத்தார். ஹெர்ஷல் வாயைத் திறக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். முதல் சரணம் முடிவதற்குள் பின்னாலிருந்து கசாப்புக்காரர் ஒருவர் பாலிஷ் மெட்டை உரக்க எடுத்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஹெர்ஷல் இறந்தபோது அது பொதோலியா மெட்டாகிவிட்டிருந்தது. பாலிஷ் கம்பெனியும் மூடிவிட்டிருந்தது.

மவுரிசியோ முற்றத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப தாத்தா சொன்னது நெசமா மாமா? அந்த ஊர்ல அப்படித்தான் பாடினாங்களா?"

ஆப்ராஷா ஷூவின் நுனியில் துணியை அழுத்தித் தேய்த்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? போய்க் கேக்கலாம்னா அங்க யாரு இருக்கா?"

"அப்பா அந்த மெட்ட எங்க இருந்து புடிச்சாரு?"

"அதையும் கேட்டேன். தெரியலடா, வாயில வந்துச்சுன்னான். கடுதாசி வந்தப்பறம்தான் ஹெர்ஷல் ஊமையானாரு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் அந்த வீட்ல என்ன சத்தம் கேட்டுச்சோ. நான் அங்க குடியிருக்கல."

அவர் அடுத்த ஷூவை மாட்டிக்கொண்டார். நாடாவை மவுரிசியோ கட்டிவிட்டான்.

*

நாலு இருபதுக்குக் கூடத்தில் ஒலிவாங்கி நின்றது. லியா கோரின் குட்டையான பெண், நரைத்த தலை, பேச்சில் ஆற்றின் மறுகரை வாடை. தலையில் மாட்டிய ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, ஹீட்டரை அணைக்கச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே ஆப்ராஷா அணைத்தார். சீக்கிரம் வரச் சொல்லியிருந்தும் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். எல்லோரும் கோட்டோடு நின்றார்கள்.

பெண்கள் உட்காரும் மாடிக்குப் போகும் படியில் மவுரிசியோ அக்காவைப் பிடித்தான். ஆப்ராஷா சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னான். தாத்தா பாடியதை இரண்டு முறை சொன்னான்.

நொயெமி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"அப்பா வேணும்னு பாடலையா?"

"வாய் தவறி."

"அதுக்கப்பறம் அம்பத்தஞ்சு வருஷமா?"

"அதுக்கப்பறம் அவரோட அப்பாவுக்காக."

அவள் கீழே கூடத்தைப் பார்த்தாள். தமாரா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளின் விளிம்பு தெரிந்தது.

"அவகிட்டச் சொல்லிடலாமா அக்கா?"

"காலைல அந்தத் தாள என் முன்னாடி வெச்சா. என்னால முடியல. உன்னால முடிஞ்சா சொல்லு."

"நீதானே சொன்ன, எவனாவது சிரிப்பான்னு."

"சொன்னேன். இப்ப எது சரின்னு தெரியல. தாத்தா சொன்னது பொய்யா இருக்கணும்னு என்ன இருக்கு?"

கீழிருந்து தமாரா கூப்பிட்டாள். நேரம் ஆகிறது என்றாள். நொயெமி மேலே ஏறினாள். அவன் கீழே இறங்கினான்.

முதல் முறை பாடும்போது இரண்டாவது சரணத்தில் பேருந்து வந்து வாசலில் நின்று மூச்சுவிட்டது. லியா கையைத் தூக்கினாள். மறுபடி. இம்முறை மவுரிசியோ மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டான். பாட்டின் சொற்களுக்கு அடியில் சேவல் கூவியது. எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை. தமாரா அருகே வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"அப்பா, எப்பவும் பாடுற மாதிரிப் பாடுங்க. போதும்."

அவன் தலையாட்டினான்.

மூன்றாம் முறை நன்றாக வந்தது. கடைசிச் சரணத்தில் அவன் வாசலைப் பார்த்துத் திரும்பினான். எட்டுப் பேரும் திரும்பினார்கள். லியா பதறிக் கையை ஆட்டினாள். குரல் சுவருக்குப் போய்விட்டதாம். ஒலிவாங்கியைப் பார்த்தபடியே முடிக்க முடியுமா என்று கேட்டாள்.

மவுரிசியோ முயன்றான். அந்த இடம் வந்ததும் கால் தானாகத் திரும்பியது. எட்டுப் பேரில் ஒருவரும் நேராக நிற்கவில்லை.

"அது முடியாதும்மா," என்றார் ஆப்ராஷா. "வர்றவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டா நிப்பாங்க?"

லியா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து எட்டு. பெட்டியிலிருந்து இன்னோர் ஒலிவாங்கியை எடுத்தாள். தமாரா ஒயரை இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். கடைசி இருக்கைக்குப் பக்கத்தில், ஒரு மனிதன் நிற்கும் உயரத்தில், அதை நிறுத்தினார்கள்.

ஐந்து பதினாறுக்குக் கடைசி முறை தொடங்கியது.

மாடியிலிருந்து நொயெமி பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் குரல் அப்பாவின் குரல் இல்லை. மேலே போகும் இடத்தில் மெலிந்துவிடும். இன்று மெலியவில்லை. சேவலை அவளும் கேட்டாள். அது ஒரு பக்கம் கூவிக்கொண்டே இருந்தது, பாட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. கடைசிச் சரணம் வந்தபோது ஒன்பது ஆண்கள் திரும்பினார்கள். கதவருகே ஒலிவாங்கி ஒற்றைக்காலில் நின்றது. தாத்தா அந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். அவள் அவரைப் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். தன் உதடும் அசைகிறது என்பது அவளுக்குப் பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே பேருந்து எதுவும் வரவில்லை.

லியா ஹெட்போனைக் கழற்றவில்லை. கட்டைவிரலை உயர்த்தினாள். தமாரா முகத்தைக் கைகளில் புதைத்துச் சிரித்தாள். ஐந்து இருபத்தி நாலு.

ஆப்ராஷா ஹீட்டரை நோக்கி நடந்தார். லியா அவரை நிறுத்தினாள். இன்னும் ஒன்று பாக்கி என்றாள். தட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடுபவரின் பேச்சு இருக்கும். பெயர், ஊர், பாட்டு எப்படி வந்தது. இரண்டே வாக்கியம். பதினாறு பேரும் சொல்லியிருக்கிறார்கள். எட்டு நிமிடம் இருக்கிறது, போதும்.

மவுரிசியோ மாடியைப் பார்த்தான். நொயெமி எழுந்து கிராதியருகே வந்து நின்றாள். சொல் என்றோ வேண்டாம் என்றோ தலையசைக்கவில்லை. ஆப்ராஷா குனிந்து தம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமாரா கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, அப்பாவுக்குப் பெயர்கள் மறந்துவிட்டால் பார்த்துக்கொள்ளட்டும் என்று, அவன் கண்ணுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. லியா கேட்டாள், அவன் பெயரைச் சொன்னான். ஊரைக் கேட்டாள், வில்லா கிரெஸ்போ என்றான். அவள் சிரித்துத் தலையசைத்தாள். கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஒலிவாங்கியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப சொல்லுங்க ஸ்லுட்ஸ்கி. இந்த மெட்டு எங்க இருந்து வந்துச்சு?"